சலாபமும் சங்கும்: முத்துக்குளித்துறைப் புனைகதைகளும் வாசக நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையின் வாழ்க்கை, கடந்த அரை நூற்றாண்டில் பல தமிழ் நாவல்களுக்குப் பொருளாகியுள்ளது. இந்நாவல்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வுலகில் பரவலாக உள்ளது. இவை கரையின் நினைவைப் பதிவு செய்ததோடு நின்றுவிடவில்லை; வாசகரின் நினைவுக்குள் புகுந்து அதை மாற்றியும் அமைக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தருவைகுளத்தைச் சேர்ந்த ஒரு குடும்ப நினைவில் நேர்ந்த பிழையை முன்வைத்து, நினைவு பற்றிய உளவியல், சமூகவியல் கருத்துகளின் துணையுடன் இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. வாய்மொழி வரலாறு திரட்டும் ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளும் முன்மொழியப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, சலாபம், சங்குக் குளிப்பு, கூட்டு நினைவு, நெய்தல் நாவல்கள், வாய்மொழி வரலாறு.

முன்னுரை

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைக் கடந்து சென்றால் வருவது தருவைகுளம். நீர் தேங்கும் தாழ்நிலத்தைத் ‘தருவை’ என்று வழங்குவது இவ்வட்டார மரபு. இன்று இவ்வூர், ஆழ்கடலில் பல நாள் தங்கிச் செவுள்வலையால் மீன் பிடிக்கும் படகுகளால் அறியப்படுகிறது. இவ்வூரின் முதியோரிடம் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு விரைவில் முத்துக்குத் திரும்பிவிடும். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் முத்துக்குளிப்பு இறுதியாக நடந்தது 1961இல். அறுபதாண்டுகளுக்கு முன் நின்றுபோன தொழில், நாள்தோறும் நடக்கும் தொழிலைவிட அதிகமாகப் பேசப்படுவது ஏன்? அப்பேச்சில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது, எவ்வளவு வாசித்தது? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

ஆய்வுக் கட்டுரையில் தன்மை இடத்தைத் தவிர்ப்பது வழக்கம். இங்கு ஆராயப்படும் பிழை என்னுடையது. ஆதலின் அப்பகுதியில் மட்டும் தன்மையில் எழுத நேர்ந்துள்ளது.

சலாபத்தின் காலக்கணக்கு

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் தளங்களைப் ‘பார்’ என்பர். ஒவ்வொரு பாருக்கும் பெயருண்டு. தூத்துக்குடிக்கு நேரேயுள்ள தொலையிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அரசு சோதித்து அறிவித்த பின்னரே குளிப்பு நடைபெறும். அந்நிகழ்வே சலாபம். சிப்பி முதிராத ஆண்டுகளில் சலாபம் இல்லை. இவ்வாறு இடையிட்டு நிகழ்ந்த சலாபம், 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. அதன் பின்னர்ப் பார்களில் தொழில் நடத்துமளவு சிப்பி வளம் மீளவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தருவைகுளத்துக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையிலும் தூத்துக்குடியிலும் நடத்திய ஆய்வுகளின் பயனாக வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. எனினும் பழைய சலாபம் திரும்பவில்லை.

சலாபம் குறித்த எழுத்துச் சான்றுகள் நீண்ட தொடர்ச்சி உடையவை. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் போற்றுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த எரித்திரேயக் கடற்பயண நூல், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அங்கு முத்துக்குளித்ததாகக் கூறுகிறது. போற்றப்பட்ட பொருளை எடுத்தவர் யார் என்ற வினாவுக்குப் புலவர் தரும் ஒளியும் வணிகர் தரும் செய்தியும் ஒன்றாக இல்லை என்பது நோக்கத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் குளிப்புக்கு உடன் அழைத்துச் செல்லப்பட்டதையும், அவர்களுக்குப் பங்கு தரப்பட்டதையும் குறித்துள்ளார். பிற்கால ஆங்கிலேய ஆவணங்களிலும் ‘கடல்கட்டி’ என்ற பெயரில் அதே தொழிலைக் காண்கிறோம். எட்கர் தர்ஸ்டனின் 1894ஆம் ஆண்டு வெளியீடும், ஜேம்ஸ் ஹார்னல் சென்னை அரசுக்கு 1905இல் அளித்த அறிக்கையும் படகு, சிப்பி, விலை, பங்கு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தருகின்றன. எடுத்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளியாளுக்கு ஒரு பங்கு என்பது ஆங்கிலேயர் காலத்துப் பொது நடைமுறை.

சங்குக் குளிப்பின் வரலாறு வேறு வகைப்பட்டது. அது அரசின் தனியுரிமையாக ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்தது. குளியாள் தான் எடுத்த சங்கின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றார். சங்குகள் வளையலுக்காக வங்காளத்துக்குச் சென்றன. கல்லைப் பற்றி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி, கயிறு பிடிப்பவரை நம்பி மேலேறுவது சிப்பிக் குளிப்பில் எப்படியோ, அவ்வாறே சங்குக் குளிப்பிலும் மூச்சே மூலதனம். ஆயினும் சலாபத்துக்குக் கிடைத்த புகழில் சிறு பகுதியும் சங்குக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பிழையின் வரலாறு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலில், 1961ஆம் ஆண்டுச் சலாபத்தைப் பற்றி என் தாத்தாவின் கூற்றை வாய்மொழிச் சான்றாகச் சேர்த்திருந்தேன். மாலையில் படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் மூன்று குவியலாகக் கொட்டப்பட்டன. அதிகாரி இரண்டைச் சுட்டி எடுத்துக்கொண்டார். எஞ்சிய குவியலின் முன் தாத்தா நின்றார் என்பது அப்பகுதி. ஈரச் சாக்கின் வாடை, குவியலில் இருந்து வழிந்த நீர், அவர் தோளில் கயிறு பதிந்த தடம் ஆகியவற்றையும் அவர் சொன்னதாகவே எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு ஐயமே எழவில்லை. அவர் குரலையே கேட்டேன்.

அவர் மறைந்து சில ஆண்டுகளாகிவிட்டன. ஆய்வேட்டுக்கான சான்று விவரங்களைச் சரிபார்க்க, முதுகலை படித்த காலத்தில் அவரிடம் உரையாடி எழுதிய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அதில் இது பற்றி மூன்று வரிகளே இருந்தன. முதல் வரி என் வினா: முத்துக் குளிக்கப் போனீர்களா? அடுத்த இரு வரிகள் அவர் விடை: சங்குக்குப் போனேன், சலாபத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். மூன்று குவியல் இல்லை. அதிகாரி இல்லை. ஈரச் சாக்கும் இல்லை.

பாட்டியிடம் கேட்டேன். “ஒங்க தாத்தா சலாபத்துக்கு எங்க போனாவ? சங்குக்குல்லா போனாவ” என்றார். பிறகு, இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

குறிப்பேட்டுக்கும் ஆய்வேட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நான் செய்தது வாசிப்பு. அறிக்கைகளை வாசித்தேன், இக்கரையைப் பற்றிய நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக, சிலவற்றை இருமுறையும் வாசித்தேன். மூன்று குவியலை அறிக்கையிலிருந்து பெற்றேன் என ஊகிக்க முடிகிறது. வாடையையும் தோள் தடத்தையும் எந்தப் பக்கத்திலிருந்து பெற்றேன் என்று இன்றும் பிரித்தறிய இயலவில்லை. அறிக்கை எலும்பைத் தந்தது. புனைகதை வாசிப்பு அதற்குச் சதை தந்தது. தாத்தாவின் குரல் உயிர் தந்தது. மூன்றும் சேர்ந்து, நிகழாத ஒன்றை நான் கேட்டதாக ஆக்கிவிட்டன. அப்பகுதியை ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன். நீக்கியதால் சான்று சரியானது. ஆனால் பிழை எப்படி நேர்ந்தது என்ற வினா எஞ்சியது.

மனம் நினைவைக் கட்டும் முறை

நினைவு என்பது பெட்டகத்தில் வைத்ததைத் திறந்து எடுப்பது போன்றதன்று என்பதை உளவியலார் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட், 1932இல் வெளியிட்ட நூலில், தமக்கு அயலான ஒரு கதையைப் படித்த ஆங்கிலேயர்கள் மீண்டும் மீண்டும் அதை நினைவிலிருந்து சொன்னபோது, பழக்கமற்ற கூறுகளை நீக்கியும் தம் பண்பாட்டுக்கேற்பத் திருத்தியும் சொன்னதைக் காட்டினார். நினைவுகூர்தல் என்பது மீளக் கட்டுதல் என்பது அவர் முடிபு.

மார்சியா ஜான்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் விரிவாக விளக்கிய ‘மூலம் அறிதல்’ என்னும் கருத்து நம் சிக்கலுக்கு மேலும் நெருக்கமானது. ஒரு செய்தி மனத்தில் நிற்பது வேறு; அது எங்கிருந்து வந்தது என்ற அறிவு வேறு. வந்த வழியைக் காட்டும் முத்திரை பெரும்பாலும் செய்தியுடன் சேமிக்கப்படுவதில்லை. நினைவின் தெளிவு, புலனுணர்வு விவரம், உணர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு, ‘இது கண்டது, இது கேட்டது’ என்று மனம் பின்னர் முடிவு செய்கிறது. அவ்வாறாயின், வாடையும் ஈரமும் நிறைந்த புனைகதை விவரம், ‘கேட்டது’ என்ற முடிவுக்கு மனத்தை எளிதில் இட்டுச் செல்லும். நல்ல நாவலின் வலிமையே இங்கு ஆய்வாளனுக்கு இடராகிறது.

டெமிஸ் ஹசாபிசும் எலினார் மகுவாயர் உள்ளிட்ட பிறரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிப்புற்று நினைவிழந்தோர், புதிய காட்சிகளைக் கற்பனை செய்வதிலும் இடர்ப்பட்டதைக் காட்டியது. பழையதை நினைப்பதும் இல்லாததைப் புனைவதும் ஒரே பட்டறையின் வேலைகள் எனக் கருத இது இடந்தருகிறது. நாவலாசிரியர் அப்பட்டறையை அறிந்து பயன்படுத்துகிறார். வாசகர் அறியாமல் பயன்படுத்துகிறார். வேறுபாடு அவ்வளவே எனலாம்.

தனிமனம் தனியே நினைப்பதில்லை என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் முன்வைத்த கருத்து. குடும்பம், சமயம், வகுப்பு ஆகியவை தரும் சட்டகங்களுக்குள்ளேயே தனிமனிதர் நினைவுகூர்கிறார். முத்துக்குளித்துறைக்கு இக்கருத்தைப் பொருத்தும்போது, அச்சட்டகங்கள் யாவை என்று கேட்க வேண்டியுள்ளது.

கேட்பவரும் வினாவும்

இக்கரையின் பரதவர் 1530களில் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். அவருக்குப்பின் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், இக்கரை மக்களின் பொருளுதவியோடு தமிழ் நூல்களை அச்சேற்றினார். 1578இல் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்சின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. 1580இல் வெளிவந்த ‘கொம்பெசியோனாயரு’ ஒப்புரவு அருட்சாதனத்துக்கான கையேடு. 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் ‘அடியார் வரலாறு’ வந்தது.

இவற்றுள் 1580ஆம் ஆண்டு நூல் நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. ஒப்புரவு என்பது கடந்ததை நினைந்து, வரிசைப்படுத்தி, கேட்பவர் ஒருவரிடம் சொல்லும் பயிற்சி. சொல்பவரின் நினைவு கேட்பவரின் வினாக்களால் வழிநடத்தப்படுகிறது. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்று நினைவுகூரும் முறையைக் கற்பிப்பதாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும், வினாவே நினைவுக்கு வடிவம் தருகிறது என்ற உண்மை அதனுள் உள்ளது.

என் குறிப்பேட்டின் முதல் வரியை இவ்வொளியில் மீண்டும் காண்கிறேன். தாத்தாவிடம் நான் ‘என்ன தொழில் செய்தீர்கள்?’ என்று கேட்கவில்லை. ‘முத்துக் குளிக்கப் போனீர்களா?’ என்று கேட்டேன். விடை ‘இல்லை’ என்றிருந்தும், என் நினைவில் தங்கியது வினாவே.

மூன்று தொலைவுகள்

இக்கடற்கரையைப் புனைந்த நாவல்களை, எழுதியவர் நின்ற தொலைவைக் கொண்டு மூவகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, களஆய்வு வழி வந்தவர் நிற்கும் தொலைவு. ராஜம் கிருஷ்ணன் கடற்கரை மக்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’ நாவலையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ நாவலையும் எழுதினார். அவருக்கு இக்கரை பிறந்த இடமன்று. வந்து, கேட்டு, கண்டு எழுதினார். பிறருடைய நினைவைப் பெற்றுப் புனைவாக்கும் பணி இது. இதன் பயனாக உப்பளத்துப் பெண்களின் உழைப்பு இலக்கியத்தில் இடம்பெற்றது.

இரண்டாவது, அண்டை வீட்டாரின் தொலைவு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்தது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட அந்நாவலில், வல்லத்தையும் வீட்டையும் விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேலும் மகள் பிலோமியும் இடம்பெறுகின்றனர். விசைப்படகு வந்த காலத்தின் பூசல் அதில் உண்டு. ஆயினும் நாவலில் மேலோங்குவது இழப்பைத் தாங்கும் மனம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் எனும் தமிழ் மரபு, தரவுகளைவிட ஆழமாக இந்நாவலை வடிவமைத்துள்ளது.

மூன்றாவது, உள்ளிருந்து எழுதுபவரின் நிலை. உவரியில் பிறந்து கப்பல் வணிகத் துறையில் பணியாற்றிய ஜோ டி குருஸ், 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ நாவலையும் 2009இல் ‘கொற்கை’ நாவலையும் வெளியிட்டார். பின்னது 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘ஆழி சூழ் உலகு’ ஆமந்துறை என்னும் கற்பனைப் பெயருடைய ஊரைக் களமாகக் கொண்டது. கடலில் சிக்கித் தத்தளிப்போரின் நிகழ்காலமும் ஊரின் கடந்த காலமும் அதில் மாறி மாறி வருகின்றன. நினைவு இங்குக் கதைப்பொருளாக மட்டுமின்றிக் கதையின் கட்டுமானமாகவும் உள்ளது. ‘கொற்கை’ 1914 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை, ஆண்டுகளை வரிசைப்படுத்தி நகர்கிறது.

ஆண்டெண் இட்ட அவ்வமைப்பு வாசக மனத்தின்மேல் ஆற்றும் வினை கருதத்தக்கது. ஆண்டு என்பது ஆவணத்தின் அடையாளம். அது புனைவின்மேல் அமரும்போது, வாசகர் புனைவை ஆவணமாக நினைவில் வைக்க ஏதுவாகிறது. நாவலின் தலைப்பும் இவ்வாறே செயற்படுகிறது. வரலாற்றுக் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, தாமிரபரணி வண்டல் சூழ்ந்த சிற்றூர். நாவலின் களமோ தூத்துக்குடி. பொருளில் பெரும்பகுதி பாய்மரத் தோணி வணிகம். அப்படியிருந்தும் ‘கொற்கை’ என்ற பெயர் முத்தையும் பாண்டியரையும் உடன் அழைத்து வருகிறது. இது ஆசிரியரின் குறையன்று, பெயருக்குள்ள நினைவாற்றல்.

சலாபம் சங்கை மறைத்தது ஏன்?

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், என் பிழை தனிப்பட்ட மறதி மட்டுமன்று என்பது புலனாகிறது. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, நிகழ்வின் அரிமை. சலாபம் அரிதாக, அறிவிக்கப்பட்டு, கூட்டத்தோடு நடந்தது. சங்குக் குளிப்பு ஆண்டுதோறும் அமைதியாக நடந்தது. ஒரே வகையான நாள்கள் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அரிய நாள் தனித்து நிற்கும்.

இரண்டாவது, எழுத்தின் சார்பு. சங்கப் பாடல் முதல் ஆங்கிலேய அறிக்கை வரை எழுதியவர்களின் கண் முத்தின்மேல் இருந்தது. சங்கைப் பற்றிய அறிக்கைகளும் உண்டு. அவை ஆய்வறைக்கு வெளியே செல்லவில்லை.

மூன்றாவது, மதிப்பு. தாத்தா முத்துக்குளித்தார் என்பது பேரனுக்குப் பெருமை. எண்ணிக்கைக் கூலிக்குச் சங்கெடுத்தார் என்பது வறுமையின் செய்தி. ஹால்ப்வாக்ஸ் குறிக்கும் குடும்பச் சட்டகம், முன்னோரைச் சற்று உயரத்தில் வைத்தே காட்டுகிறது. அவ்வுயர்த்தலில் இழப்பு ஒன்றுண்டு. பல பருவங்கள் மூச்சடக்கிச் சங்கெடுத்த ஒரு மனிதரின் உழைப்பை, அவர் ஒருநாளும் நிற்காத குவியலின் முன் அவரை நிறுத்தி நான் அழித்துவிட்டேன். பெருமை சேர்க்க எண்ணிய நினைவு, அவருக்குரியதைப் பறித்தது. வாய்மொழி வரலாற்றில் இப்பிழை அறநெறிச் சிக்கலாகவும் ஆவது இதனால்தான்.

ஆய்வுநெறி குறித்த முன்மொழிவு

இதனால் நாவலைச் சான்று வரிசையிலிருந்து விலக்க வேண்டும் என்பது முடிபாகாது. காற்றின் பெயர், நீரோட்டத்தின் போக்கு, வசைமொழி, வேண்டுதல், பசி ஆகியவற்றை அறிக்கைகளில் காண இயலாது. அவற்றை நாவல்களே காத்துள்ளன. வேண்டுவது, ஒவ்வொரு சான்றும் எதற்குச் சான்று என்ற தெளிவு.

கருவிகள் வராத காலத்தில் இக்கரையின் மீனவர், கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனையையும் போன்ற இரு அடையாளங்களை நேர்கோட்டில் பொருத்திப் பார்ப்பர். வேறொரு திசையில் மற்றிரு அடையாளங்களைப் பொருத்துவர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டடைவர். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிக் கல் இறக்குவதில்லை. ஆவணம், வாய்மொழி, புனைகதை ஆகிய மூன்றையும் ஆய்வாளர் இவ்வாறே பயன்படுத்தலாம். ஆயின் ஓர் எச்சரிக்கை தேவை. அடையாளங்கள் ஒன்றுக்கொன்று தனித்து நிற்க வேண்டும். நாவலை வாசித்தவர், அல்லது அதைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டவர் தரும் வாய்மொழி, நாவலுடன் ஒத்துப்போவது உறுதிப்பாடு ஆகாது. அது எதிரொலியாகவும் இருக்கலாம்.

எனவே, தகவலாளர் இந்நாவல்களை வாசித்துள்ளாரா என்பதை வினாநிரலில் சேர்த்தல், ஆய்வாளர் தாம் கேட்ட வினாவையும் விடையுடன் சேர்த்துப் பதிவு செய்தல், கேட்ட சொற்களை அன்றே எழுதிக் காத்தல், ஆய்வாளர் தம் வாசிப்புப் பட்டியலையும் தரவின் ஒரு பகுதியாக வெளிப்படுத்தல் ஆகிய நான்கும் இக்கரை குறித்த ஆய்வுகளுக்கு இன்றியமையாதன எனப் பரிந்துரைக்கப்படுகிறது.

முடிவுரை

முத்துக்குளித்துறை நாவல்கள் கரையின் நினைவிலிருந்து பிறந்தன. இன்று கரையின் நினைவு அந்நாவல்களிலிருந்தும் பிறக்கிறது. இவ்விரு திசை ஓட்டத்தை உணராத ஆய்வு, புனைவை வாய்மொழியாகவும் வாய்மொழியை வரலாறாகவும் கொள்ளும் இடருக்கு உட்படும். நினைவும் புனைவும் மனத்தின் ஒரே ஆற்றலைச் சார்ந்தவை என்பதால், இவ்விடரிலிருந்து ஆய்வாளனுக்கும் விலக்கில்லை.

ஆய்வேட்டின் அவ்வியல் திருத்தி எழுதப்பட்டுள்ளது. மூன்று குவியல் இருந்த இடத்தில் இப்போது குறிப்பேட்டின் மூன்று வரிகள் மட்டுமே உள்ளன: என் வினா ஒன்றும், அவர் விடை இரண்டும்.